ஒரு கைப்பிடி காட்டரிசி

பகடை உருட்டி, ஆளுக்கொரு வீரனாகக் கற்பனைக் கதைக்குள் போகும் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை எட்டு வருடம் நடத்தியவன் நான். அரக்கர் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டி, குகைகளுக்கு வரைபடம் போட்டு, அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கதை சொன்னவன். முதுகுவலி என்று ஒரு மாதம்தான் ஓய்வு கேட்டேன். கூட ஆடிக்கொண்டிருந்த அன்னிகா என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கல்லூரி நாட்களில் நான் உருவாக்கிய பிராம் என்ற வாள்வீரனின் விவரத் தாளைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு, எதிரே நண்பன் ஓரினின் பக்கத்தில் ஆட்டக்காரனாக உட்கார்ந்தேன். அன்றைய ஆட்டம் முடிந்ததும், வரும் வருடம் யார் நடத்துவது என்று கைதூக்கி முடிவு செய்வதாக இருந்தது.

வெட்டுக்கிளிக் கூட்டம் வரும் இடத்தில் அன்னிகாவிடம் பொம்மை இல்லை. எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு கைப்பிடி காட்டரிசி அள்ளிவந்து வரைபடத்தில் கொட்டினாள். கறுப்பாக, நீளமாக, அவை நாலாபக்கமும் சிதறின.

"என் காலெல்லாம் கூசுதுப்பா," என்றான் ஓரின்.

பதினாறு வெட்டுக்கிளிகளுக்கு நான் கண் எரிய எரியச் சிறகு வரைந்து கொண்டுவந்த அன்று, இதே ஓரின் கொட்டாவி விட்டான். எனக்கு வயிறு எரிந்தது.

ஓரினின் வீரன் கோடாலியை வீசினான். பகடையில் பதினான்கு; பூச்சிக் கூட்டத்தின் உயிரில் அத்தனை புள்ளி குறையும். அன்னிகா பென்சிலை எடுத்தாள்.

"இரு இரு," என்றேன். "கூட்டமா வர்ற பூச்சிக்கு ஆயுதத்தால பாதி அடிதான். ஆயிரம் பூச்சில ஒரு கோடாலி எத்தனைய வெட்டும்? ஏழுன்னு போடு."

"தெரியும் லைல். கதை ஓடட்டும்னு விட்டேன்."

"எட்டு வருஷத்துல நான் ஒரு தடவகூட அப்படி விட்டதில்ல."

"வக்கீல் வந்துட்டாருய்யா," என்றான் ஓரின்.

அன்னிகா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "நிஜமாவே பாதிதான் வேணுமா உனக்கு?"

மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். "ரூல்னா ரூல்தான்."

அழித்து ஏழு என்று எழுதினாள். பிறகு விரல் நுனியால் அரிசியைத் தள்ளித் தள்ளி பிராமின் காலடிக்குக் கொண்டுவந்தாள். பிராமுக்கு மிச்சமிருந்த உயிர் நான்கு புள்ளி. அவள் பகடையில் ஒன்பது விழுந்தது.

"முதல்ல சத்தம் நிக்குது," என்றாள் மெதுவாக. "பிராமோட காது நிறைஞ்சுபோச்சு. கண்ண மூடிக்கிறான். வாளை மட்டும் விடல. வெயில்ல அது மின்னிக்கிட்டே இருக்கு. அப்புறம் அதையும் பூச்சிங்க மூடுது."

ஓரின் நொறுக்குத்தீனி மெல்வதை நிறுத்திவிட்டான். அன்னிகா தடுப்புக்குப் பின்னாலிருந்த தாளை என் பக்கம் திருப்பினாள். ஓரின் வீசியபோது அந்தக் கூட்டத்துக்கு மிச்சமிருந்த உயிர் பதின்மூன்று புள்ளி. பதினான்கு விழுந்ததை அப்படியே விட்டிருந்தால் கூட்டம் அங்கேயே செத்து, பிராம் பிழைத்திருப்பான்.

செத்த வீரனின் தாளை அவனுக்குரியவரே கிழிப்பது எங்கள் வழக்கம். கிழித்தேன். இருபது வருடத் தாள், நைந்துபோயிருந்ததால் சத்தமே வரவில்லை.

"சரி, அன்னிகாவே நடத்தட்டும்ங்கறவங்க கை தூக்குங்க," என்றான் ஓரின்.

முதலில் உயர்ந்தது என் கை. பொறாமை இம்மிகூடக் குறையவில்லை. எட்டு வருடத்தில் எத்தனையோ வீரர்களைக் கொன்றிருக்கிறேன். ஒருவனைக்கூட இவ்வளவு அழகாகக் கொன்றதில்லை.