சடையன் இலைக்கு முந்திய இலை

1

இந்தக் கதை பிறந்த இடம் என் இரைப்பை. மனசு என்று சொல்லியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும், பொய் எதற்கு. போன ஐப்பசியில் பொன்னேரியில் ஒரு டாக்டர் என் வயிற்றை நாலு இடத்தில் அமுக்கிப் பார்த்துவிட்டு, சாப்பிடக் கூடாதவை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தாளின் இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டது. சாப்பிடக் கூடியது என்ன என்று கேட்டேன். கஞ்சி என்றார். அதற்குத் தாள் வேண்டியிருக்கவில்லை, வாயாலேயே சொல்லிவிட்டார்.

பழவேற்காட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், டாக்டரைத் திட்டி ஒரு கட்டுரை ஆரம்பித்தேன். "எழுபத்தாறு வருஷம் மிளகாய் தின்று வளர்ந்த ஒரு மனிதனை" என்பது வரை வந்தேன். அங்கே ஒரு புளித்த ஏப்பம் வந்து வாக்கியத்தை முடித்துவைத்தது. டாக்டர் சொன்னது சரி. சரியாகச் சொன்ன ஆளைத் திட்டுவது நியாயமில்லை. அதனால் என் கோபத்தை முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கொண்டுபோய் இறக்கிவைக்கிறேன். ஏரிக்கரையில் ஒல்லாந்தர் கோட்டை நின்ற காலம் அது. அங்கே திட்டுவதற்கு ஆள் நிறைய இருந்தார்கள்.

2

முதல் தொடக்கம்: "ஏரியின் மேல் சூரியன் செம்பழமாய் எழுந்தபோது சடையன்"

(அடித்துவிட்டேன். வயிறு எரிகிறவன் சூரியனை ரசிக்க மாட்டான்.)

இரண்டாம் தொடக்கம்: "கோட்டையில் பீரங்கி முழங்கியது. சடையன் திடுக்கிட்டு"

(இதுவும் வேண்டாம். ஒல்லாந்தர் காலம் என்றாலே பீரங்கி கேட்கிறீர்கள். எங்கே போனாலும் உங்களுக்கு ஒரு பீரங்கி வேண்டும். சடையனுக்குப் பீரங்கி காதில் விழவே இல்லை. அவன் வேலி ஓரம் குந்தி, வாயில் விரலை விட்டு, புளித்த தண்ணீரை எடுத்துக்கொண்டிருந்தான்.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். கோட்டைக்குப்பத்து மீனவன் சடையனுக்கு வயிறு எரிந்தது.

எப்படி எரிந்தது என்றால், அவன் மடியில் வைத்த மடவை மீன் கரை சேர்வதற்குள் கருவாடாகிவிடும். அவன் படகின் மேல் மட்டும் கடற்காகம் பறக்காது, சிறகு பொசுங்கும் என்று பயம். நான் பார்த்ததாகச் சொல்லவில்லை. நான் பிறக்க இன்னும் இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. ஆனால் இதை இதுவரை மறுத்தவர் யாரும் இல்லை.

எரிந்ததற்குக் காரணமும் ரகசியமில்லை. விடியுமுன் வெறும் வயிற்றில் கள். பிறகு ஏரி. உச்சி வெயில் வரை வாயில் புகையிலை. கரைக்கு வந்தால் சுட்ட கருவாடும் பச்சை மிளகாயும். இருபது வருஷம் இப்படி. அவன் மனைவி இருசம்மாள் இருபது வருஷமும் சொல்லிப் பார்த்தாள். சொன்னதை அவன் கேட்கவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. நானும் கேட்டதில்லை.

3

வயிறு எரிந்தால் ஒருவன் படுத்துக்கிடந்துவிட்டுப் போகட்டும், அதில் கதை எங்கே என்று கேட்பீர்கள். கதை பாட்டில் இருக்கிறது. பாடு என்றால் மீன்பிடி முறை. ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒரே மாதிரி விழாது. கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஓட்டத்தில் சில இடங்கள்தான் வலைக்கு ஏற்றவை. அந்த இடங்களில் இன்றைக்கு என் முறை, நாளைக்கு உன் முறை. இந்தக் குப்பத்தில் முறைக்காரர் பன்னிரண்டு பேர். அதில் சடையன் ஒருவன்.

தன் முறையில் மூன்று தடவை ஏரிக்கு வராதவன் பெயர் போய்விடும். போனால் திரும்ப வராது. சடையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை தவறிவிட்டான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது.* ஆடி மாதம் அம்மன் கோயில் மணலில் பன்னிரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்து, சோறும் சிவக்கச் சிவக்க மீன்குழம்பும் சாப்பிட வேண்டும். ஒரு படி மிளகாய் அரைத்த குழம்பு. இலையில் மிச்சம் வைத்தவனுக்கு அந்தச் சுற்றில் முறை கிடையாது. முறையில்லையென்றால் அது சடையனுக்கு மூன்றாவது தவறல்.

(*இது நான் கற்பனை செய்த வழக்கம். ஏரிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். குப்பத்தார் இதை ஆதிகாலத்து வழக்கம் என்றார்கள். மிளகாயோ கப்பலில் வந்து இறங்கி நூற்றைம்பது வருஷம்கூடச் சரியாக ஆகவில்லை. அதற்கு முன்னால் அம்மனுக்கு எதை அரைத்தார்கள்? இதை ஒருவனும் கேட்கவில்லை. எனக்கு இங்கே உட்கார்ந்து ரத்தம் கொதிக்கிறது. கொதிக்கக் கூடாது என்றும் டாக்டர் எழுதியிருக்கிறார்.)

4

சடையன் பெயர் போனால் அடுத்து ஏறக் காத்திருந்தவன் தாமோதரன். இருசம்மாளின் சொந்தத் தம்பி. கெட்டவன் இல்லை. தினமும் காலையில் வந்து அன்போடு விசாரிப்பான்.

"இன்னா மாமா, தூங்கினியா?"

"இல்லடா. நெஞ்சு வரிக்கும் ஏறுது."

"அடப் பாவமே," என்பான் தாமோதரன். முகத்தில் ஒரு தெளிவு வரும். "நெத்திலி சுட்டாந்தேன். ரெண்டு மொளகா வெச்சுக் கடிச்சுக்க. வாய்ல சுள்ளுனு ஏறுச்சுன்னா வயித்துல இருக்கறது அடங்கிப்பூடும்."

"டேய்," என்றாள் இருசம்மாள். "அத அப்டியே எடுத்துனு போ."

"நல்லதுக்குத்தான்கா சொல்றேன்."

"யாரோட நல்லதுக்கு?"

தாமோதரன் நெத்திலியைத் தானே தின்றுகொண்டு போனான். வழியில் அவனும் நெஞ்சைத் தடவிக்கொண்டதை இருசம்மாள் பார்த்தாள். இதைப் பின்னால் உபயோகிக்க வேண்டும். (உபயோகித்தேனா என்று கடைசியில் பாருங்கள்.)

ஒல்லாந்தர் ஒருவராவது வேண்டும் என்று அடம் பிடிப்பீர்கள். சரி. கோட்டையிலிருந்து ஒரு வெள்ளைக்கார வைத்தியர் துபாஷியோடு வந்து சடையன் நாக்கைப் பார்த்தார். காலில் ஒரு நரம்பைக் கீறி ரத்தம் இறக்க வேண்டும் என்றார்.

"எரியறது வயித்துல. கீறுறது கால்லயா?" என்றாள் இருசம்மாள். துபாஷி இதை மொழிபெயர்க்கவில்லை. வைத்தியர் போய்விட்டார். அவரைக் கதையிலிருந்து நீக்கிவிடலாம் என்று இருந்தேன். இன்னொரு வேலை இருப்பதால் விட்டுவைக்கிறேன்.

5

இருசம்மாள் கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, படகில் ஏரியைக் கடந்து, நெல் விளையும் ஊருக்குப் போனாள். அங்கே அங்காளம்மாள் என்று ஒரு உழவர் வீட்டுக்காரி, கருவாட்டுக்கு மோரும் கீரையும் மாற்றிக்கொள்வாள்.

"எங்க ஆளுக்கும் இதே நோவுதான்," என்றாள் அங்காளம்மாள். "வாயைக் கட்டுனாத்தான் வயிறு ஆறும்னாங்க. ஆளைக் கட்டாம வாயைக் கட்ட முடியலை. ஆளையும் கட்டிட்டேன்."

நாற்பது நாள். விடிந்ததும் நீராகாரத்தில் மோர் கலந்து ஒரு சொம்பு, ஏரிக்குப் போனாலும் போகாவிட்டாலும். நடுவில் சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர். மத்தியானம் குழைந்த சோற்றில் மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும். சாயங்காலம் வெண்பூசணிச் சாறு. கள் இல்லை, புகையிலை இல்லை, மிளகாய் வீட்டு வாசலுக்கே வரவில்லை. முதல் பத்து நாள் சடையனை வலைக்கயிற்றால் தூணில் கட்டியிருந்ததாக ஒரு பேச்சு உண்டு. ஏரி முறை வந்த நாளில் மட்டும் அவிழ்த்துவிட்டாளாம். கயிறு இரண்டு இடத்தில் கருகியிருந்ததாம்.

(நான் வைத்தியன் இல்லை. உங்களுக்கு எரிந்தால் டாக்டரிடம் போங்கள். கதையைக் குடித்து யாருக்கும் வயிறு ஆறியதில்லை.)

பதினெட்டாம் நாள் சடையன் குறட்டை விட்டான். இருசம்மாள் எழுந்து உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன், அந்த இடத்தை மேலே தொட வேண்டாம் என்று தோன்றியது. முப்பதாம் நாள் தனியாக வலை இழுத்துக் காட்டினான்.

6

இனித்தான் எனக்குக் கோபம் வரும் இடம்.

சடையன் தேறிய செய்தி பரவியதும், கருவாடு காயும் பின்பக்கமாக ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் வந்தவர் ஊர்ப் பெரியவர் உலகநாதன். யாருக்கு எந்த நாள் பாடு என்று சொல்லும் வாய் அவருடையது.

"இருசு, அந்த மோர்த்தண்ணி கொஞ்சம் குடேன். எனக்கில்ல. எங்க ஆட்டுக்கு. வயிறு எரியுதாம்."

"ஆடு சொல்லுச்சா பெரீப்பா?"

"பாத்தா தெரியாதா?"

"எம்மாம் குடிக்கும்?"

"ஒரு சொம்பு குடிக்கும். குடு, புளிப்பு சரியாகீதான்னு பாத்துட்டு எடுத்துனு போறேன்." அங்கேயே நின்று முழுச் சொம்பையும் பார்த்தார்.

பதினோரு முறைக்காரரும் வந்தார்கள். எட்டுப் பேர் ஆட்டுக்கு, இரண்டு பேர் மச்சினனுக்கு, ஒருவன் கனவில் வந்து கேட்ட அம்மனுக்கு. கோட்டைக்குப்பத்து மணலில் அன்றைக்கு ஒரு ஆடுகூடக் கிடையாது. தன் வயிற்றைத் தொட்டுக்காட்டி, கூச்சமில்லாமல் "இங்கே" என்று கேட்டு வாங்கிக் குடித்தவர் அந்த வெள்ளைக்கார வைத்தியர் ஒருவர்தான். அதற்காகத்தான் அவரை விட்டுவைத்தேன்.

ஆடி மாதத்து அம்மன் கோயில் விருந்து நெருங்கியது. வீட்டு வரிசைப்படி அந்த வருஷம் குழம்பு வைத்துப் பரிமாறுவது சடையன் வீட்டு முறை.

"ஒரு கை தின்னாலும் பழையபடி ஏறும்," என்றாள் இருசம்மாள். "எனக்கு ஆகாதுன்னு வாயத் தொறந்து சொல்லேன்."

"சொன்னா ஆம்பளயான்னு கேப்பானுங்க."

"கேக்கறவன் எல்லாம் நம்ம வூட்டுப் பின்னால நின்னு மோரு குடிச்சவன்தான்யா."

"அது பின்னால. இது கோயில்ல." சடையன் வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பாடு போச்சுன்னா இன்னாத்த தின்றது மே? உன் கஞ்சிக்கே அரிசி வேணுமில்ல?"

அவன் சொன்னது சரி என்பதுதான் அவளுக்கு ஆத்திரம். நாற்பது நாள் ஏரியைத் தாண்டித் தாண்டிச் சேர்த்ததை ஒரு கரண்டியில் அழித்துவிட்டுத்தான் சோறு தின்ன வேண்டும் என்றால், அந்தச் சோற்றுக்குப் பெயர் என்ன?

7

முடிவுகள்.

(அ) சடையன் தின்கிறான். பாடு நிற்கிறது. ஆவணியில் ரத்தமாக வாந்தி எடுக்கிறான். "வீரன்" என்று உலகநாதன் சொல்ல (கிழித்துவிட்டேன். அந்த ஆளுக்கு அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனசில்லை.)

(ஆ) சடையன் இலையை மூடுகிறான். தாமோதரன் முறைக்காரன் ஆகிறான். அடுத்த ஆடிக்குள் அக்காள் வீட்டுப் பின்பக்கம் வந்து, ஆட்டுக்கு என்று (இதுவும் வேண்டாம். நடக்கக் கூடியதுதான், அதனால்தான் வேண்டாம்.)

(இ) இதில் எனக்குப் பெருமை. கோட்டைக்குப் போகும் துணிகளில் சிவப்பேற்றும் சாயவேரை இருசம்மாள் சாயக்காரரிடம் வாங்கி, மிளகாய்க்குப் பதிலாக அதை அரைத்துக் குழம்பு வைக்கிறாள். பார்வைக்கு நெருப்பு, நாக்குக்குத் தேங்காய்ப்பால். பன்னிரண்டு பேரும் உறைப்பது போல நடித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். உதட்டுச் சிவப்பு மட்டும் கார்த்திகை வரை போகவில்லை.

மூன்று நாள் இந்த முடிவோடு சந்தோஷமாக இருந்தேன். நாலாம் நாள் கஞ்சி குடிக்கும்போது கோபம் வந்தது. இருசம்மாள் எதற்காகத் திருட்டு வேலை செய்ய வேண்டும்? வெட்கப்பட வேண்டியவள் அவளா? அடுத்த வருஷம் வேறு வீட்டு முறை வரும், அப்போது யார் ஏமாற்றுவது?

8

ஆகவே அவள் இரண்டு பானை வைத்தாள். ஒன்றில் வழக்கப்படி ஒரு படி மிளகாய். மற்றதில் மணத்தக்காளியும் தேங்காய்ப்பாலும். இரண்டையும் கோயில் மணலில் எல்லோர் கண்ணுக்கும் தெரிய இறக்கினாள்.

"அது இன்னா பானை?" என்றார் உலகநாதன்.

"ஆட்டுக்கு," என்றாள்.

வழக்கத்தில், பரிமாறுகிறவள் கேட்காமல் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். இருசம்மாள் ஒவ்வொரு இலை முன்னாலும் நின்று, பெயர் சொல்லிக் கேட்டாள். "பெரீப்பா, இதுவா, அதுவா?"

உலகநாதன் ஏரியைப் பார்த்தார். விரல் சிவப்புப் பானையைக் காட்டியது. அடுத்தவனும் அதையே காட்டினான். அதற்கடுத்தவனும். முந்தாநாள் அவள் கையில் மோர் குடித்த வாய்கள் பதினொன்றும் வரிசையாக மூடியிருந்தன. பின்னால் நின்ற தாமோதரன் நெஞ்சைத் தடவியபடி மாமன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி இலை சடையனுடையது. தனியாக அவன் மட்டும் கீரைப் பானையைக் காட்டினால் பெயர் போகும். அவனுக்கு முன்னால் இன்னொருவன் காட்டியிருந்தால் அது ஒரு பேச்சு. இரண்டு பேரை ஒரே நாளில் நீக்க உலகநாதனுக்கும் தைரியம் வராது. ஒரே ஒரு வாய் போதும்.

ஏழு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். இந்தப் பதினோரு பேரில் ஒருவனையும் என்னால் பேசவைக்க முடியவில்லை. மிரட்டினேன், கெஞ்சினேன், ஒருவனுக்குப் பேனாவாலேயே வாயைத் திறந்துவிட்டேன். கொட்டாவி விட்டு மூடிக்கொண்டான்.

அதனால் பதினோராவது இலைக்கும் சடையன் இலைக்கும் நடுவில் இன்னொரு இலை போட்டிருக்கிறேன். தண்ணீர் தெளித்திருக்கிறது, சோறு வைத்திருக்கிறது. உட்காருங்கள். நடுவில் நான் ஏப்பம் என்று எழுதியபோது நீங்கள் நெஞ்சைத் தடவியதை நான் கவனிக்காமல் இல்லை.

சடையன் தலையைக் குனிந்திருக்கிறான். உங்கள் தோளில் அவன் தோள் இடிக்கிறது. பதினோரு பேரும் ஏரியைப் பார்க்கிறார்கள். இருசம்மாள் கரண்டியோடு உங்கள் இலை முன்னால் வந்து நிற்கிறாள்.

"இதுவா, அதுவா?"