நெற்றியில் வரைந்த மூக்கு

அம்மான் நகரத்து மருத்துவமனைக்குச் சாஹிரா வந்தபோது, வெடிப்பு நடந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மோசுலில் அவள் வீட்டின் மேல் விழுந்தது யாருடைய குண்டு என்று அவள் விசாரித்ததில்லை. கணவனும் பதினொரு வயது மகன் மாஹிரும் அன்று காலை போனார்கள். அவளுக்கு மூக்கின் இடது பக்கம் போயிற்று. அதைப் பற்றி வாய் திறக்கவே வெகுநாள் கூசினாள். இரண்டு பேரைப் புதைத்தவள் மூக்கைப் பற்றிப் பேசலாமா?

கணவனின் தங்கை ஃபவ்ஸியாதான் விடாப்பிடியாக அழைத்து வந்தாள். வார்டில் எல்லோரும் சாஹிராவை 'உம்மு மாஹிர்' என்றே கூப்பிட்டார்கள். மாஹிரின் அம்மா. பிள்ளை இல்லாவிட்டாலும் தாய்க்கு அந்தப் பெயர் மாறுவதில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது யாராவது அவன் பெயரைச் சொன்னார்கள். அது அவளுக்கு வேண்டியிருந்தது.

அறுவை சிகிச்சைக்கு இரண்டு நாள் முன்பு, பெரிய டாக்டர் ஷுக்ரி படுக்கை ஓரம் உட்கார்ந்து விளக்கினார். நெற்றித் தோலில் ஒரு துண்டை மூக்கின் வடிவத்துக்கு வெட்டி, புருவத்தோரம் ரத்தக் குழாய் அறுபடாமல் அப்படியே கீழே திருப்பி மூக்கில் தைப்பார்கள். மூன்று வாரம் நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு தோல் பாலம் தொங்கும். மூக்கில் புது ரத்த ஓட்டம் பிடித்ததும் பாலத்தை அறுத்துவிடுவார்கள். நெற்றியிலிருந்து இப்படி நன்றாக எடுக்க ஒரு தடவைதான் வாய்ப்பு என்பதையும் மறைக்காமல் சொன்னார். பிறகு பக்கத்தில் நின்ற டாக்டர் நுஹாவைக் காட்டினார்.

"கத்தி இவங்க கையிலதான் இருக்கும். இந்தப் பயிற்சியில இவங்களுக்கு இது கடைசி வருஷம். இதுமாதிரி எட்டு ஆபரேஷன்ல எனக்கு உதவியா நின்னிருக்காங்க. மொத்தமும் தானே செய்யறது இதுதான் முதல் தடவை. நான் எதிர்ல நிப்பேன். வேணாம்னா சொல்லுங்க, நானே செஞ்சிடறேன்."

சாஹிரா பதில் சொல்வதற்குள் ஃபவ்ஸியா முந்திக்கொண்டாள்.

"கத்துக்கறதுக்கு எங்க அண்ணி மூக்குதான் கெடச்சுதா டாக்டரம்மா? என் வீட்டுக்காரர் மூக்கைத் தரேன், எடுத்துக்குங்க. ரெண்டு பேருக்குத் தேறும்."

"அதை அடுத்த வருஷத்து ஆளுங்களுக்குப் பத்திரமா வைங்க" என்றாள் நுஹா சிரிக்காமல்.

ஷுக்ரி சிரித்துவிட்டார். சாஹிரா கையெழுத்துப் போட்டாள். ஆனால் மனம் முழுதாகப் போடவில்லை. ஒரே துணி, ஒரே வெட்டு. அதையும் முதல் தடவை வெட்டுகிறவள் கையில் கொடுப்பதா? மோசுலில் பதினாறு வருடம் தையல் கடை வைத்திருந்தவள் அவள். புதிதாக வந்த பெண்களிடம் கல்யாணத் துணியை அவள் கொடுத்ததே கிடையாது.

அறுவை சிகிச்சை நாளன்று காலையில், அளவெடுக்க நுஹா வந்தாள். ஃபவ்ஸியா எலுமிச்சைத் தேநீர் வாங்கப் போயிருந்தாள். நோயாளிதான் எதுவும் குடிக்கக் கூடாது, தனக்கு அப்படித் தடை இல்லை என்பது அவள் கட்சி. சாஹிரா நிமிர்ந்து உட்கார்ந்து கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள்.

தையல் நூல் வந்த உறையின் வெள்ளித்தாளை நுஹா பிரித்தெடுத்தாள். ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் பச்சை எழுத்து. மூக்கின் நல்ல பக்கமான வலது பக்கத்தில் அதை அழுத்தி, வடிவம் பதிந்ததும் சின்னக் கத்தரியால் ஓரம் வெட்டினாள். பிறகு அதைப் புரட்டி இடது பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு கணம் கண்ணாடியில், பாதி வெள்ளியாக, முழு மூக்கு தெரிந்தது.

நுஹா தாளை எடுத்தாள். ஊதா மைப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள். தாளை நெற்றியில் தலைகீழாக வைத்துச் சுற்றிக் கோடு போட்டாள். கோடு சுத்தமாக இருந்தது.

சாஹிரா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? மூக்குல வச்சப்போ வெள்ளிப் பக்கம் வெளிய தெரிஞ்சுது."

"ஆமா."

"இப்போ எழுத்து தெரியுது."

நுஹாவின் கை நின்றது.

"தலைகீழா வைக்கணும்னு பெரியவர் சொன்னாரு, சரி. ஆனா நீங்க பொரட்டியும் வச்சிட்டீங்க. தையல்ல கோட்டுத் துணி வெட்டும்போது இப்படித்தான் ஆகும். எடது பக்கம்னு நெனச்சு வெட்டுவோம், ரெண்டும் வலது பக்கமா வந்து நிக்கும்."

நுஹா தாளை எடுத்து மூக்கில் வைத்தாள், நெற்றியில் வைத்தாள், மறுபடி மூக்கில் வைத்தாள். பிறகு பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, போட்ட கோட்டை அழித்தாள். புதிதாக வரைந்தாள். அழித்த இடம் குளிர்ந்து எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் ஷுக்ரி வந்தார். தாளை வாங்கித் தானே வைத்துப் பார்த்தார். சரியாக இருக்கிறது என்றார். முதல் கோட்டைப் பற்றிச் சாஹிரா வாயைத் திறக்கவில்லை. இப்படி ஒரு தப்பை எப்படி மூடி மறைப்பது என்று அவளுக்குத் தெரியும். ஒரு தடவை ஒரு மாப்பிள்ளையின் கோட்டுக்கு இரண்டு வலது பக்கம் வெட்டிவிட்டு, அதே துணியை வேறு கடையில் தேடி வாங்கி, யாருக்கும் தெரியாமல் தைத்துக் கொடுத்தவள் அவள். கணவனிடம்கூடச் சொன்னதில்லை.

"முதல்ல பொரட்டி வரைஞ்சிட்டேன் சார்" என்றாள் நுஹா. "உம்மு மாஹிர்தான் பார்த்துச் சொன்னாங்க."

ஷுக்ரி அழிந்த ஊதாக் கறையைப் பார்த்தார். திட்டவில்லை. சாஹிராவின் பக்கம் திரும்பி, இப்போதும் மனதை மாற்றிக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை என்றார். இந்த வருடத்தில் நுஹாவுக்கு இன்னொரு மூக்கு வராது என்பதை அவர் சொல்லவில்லை. அது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சாஹிரா நுஹாவைப் பார்த்தாள்.

"நான் சொல்லலேன்னா வெட்டியிருப்பீங்களா?"

"வெட்டறதுக்கு முன்னாடி சார் பார்ப்பாரு. அவரும் கவனிக்காம விட்டிருந்தா, வெட்டியிருப்பேன்" என்றாள் நுஹா.

தேநீர்க் குவளையோடு வாசலில் வந்து நின்ற ஃபவ்ஸியா, எதைப் பற்றிய பேச்சு என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"இவங்களே செய்யட்டும்" என்றாள் சாஹிரா. "இனிமே எந்தப் பக்கம் மேலன்னு இவங்க மறக்க மாட்டாங்க."

அறுவை சிகிச்சை முடிய ஐந்து மணி நேரம் ஆயிற்று.

அதன் பிறகு மூன்று வாரமும் நுஹா தினமும் காலையில் வந்தாள். விரலால் மூக்கை லேசாக அழுத்தி எடுத்து, வெளுத்த இடத்தில் ரத்தம் திரும்பும் வேகத்தைப் பார்த்தாள். அந்தத் தோல் பாலத்தைப் பார்த்து, அண்ணிக்கு யானைத் தும்பிக்கை முளைத்திருக்கிறது என்று ஃபவ்ஸியா வார்டு முழுக்கச் சொல்லி வைத்தாள். சாஹிரா சிரித்தால் தையல் இழுத்தது.

பாலத்தை அறுக்க வேண்டிய நாளுக்கு முந்தின காலை, நுஹா சாஹிராவைக் கண்ணை மூடச் சொன்னாள். பஞ்சு நுனியால் புது மூக்கைத் தொட்டாள்.

"எங்க தொடறேன்?"

"நெத்தியில" என்றாள் சாஹிரா. உடனே கண்ணைத் திறந்தாள். பஞ்சு மூக்கின் மேல்தான் இருந்தது.

நரம்பு இன்னும் பழைய இடத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது, புத்தகத்திலேயே உண்டு, பயப்பட வேண்டாம் என்று நுஹா விளக்கினாள். நாளைக்கு அறுத்ததும் அந்த உணர்ச்சி போய்விடும். மாதக்கணக்கில் மரத்திருந்து, பிறகு மூக்காகவே உணரத் தொடங்கும்.

பள்ளிக்கூடம் போகும்போது மாஹிர் சாஹிராவைக் குனியச் சொல்லி முத்தமிடுவது நெற்றியில் அந்த இடத்தில்தான். பெருநாளன்று அப்பா தன் தாய்க்குக் கொடுப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அதைத் தினசரி வழக்கமாக்கிக் கொண்டவன்.

"இன்னொரு தடவை தொடுங்க" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

நுஹா காரணம் கேட்கவில்லை. பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்து, விரலால் தொட்டாள்.