ஜெபிச்சிட்டுச் சொல்றேன்

அந்தச் சபையில் யாராவது "ஜெபிச்சிட்டுச் சொல்றேன்" என்றால், நம்மால் ஆகாது என்று பொருள். பாஸ்டருக்கும் அது தெரியும். வெள்ளிக்கிழமை வீட்டுக்கூட்டத்தை இனி உங்கள் வீட்டில் வைக்கலாமா என்று அவர் கேட்க, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண் அதே பதிலைச் சொன்னாள். அவரும் தலையாட்டிவிட்டு வேறு வீடு தேடப் போய்விட்டார்.

வம்பு என்னவென்றால், அவள் நிஜமாகவே ஜெபித்துவிட்டாள்.

வீட்டில் மாமனார் இருந்தார். பேருந்து ஓட்டியவர். பக்கவாதம் வந்தபோது பேச்சு மொத்தமும் போய், ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டது. சாலையில் குறுக்கே வந்தவர்களுக்கெல்லாம் அவர் தாராளமாக வழங்கிய சொல்: "நாசமாப்போ!" பசித்தாலும் அதுதான், வயிறு நிறைந்தாலும் அதுதான். தண்ணீர் கேன் போடுகிறவர், பக்கத்து வீட்டம்மா, ஊசி போட வந்த நர்ஸ் என்று யாருக்கும் அவர் குறை வைக்கவில்லை. வந்தவர்கள் முகம் சுளித்துக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து, அவள் யாரையும் உள்ளே அழைப்பதையே விட்டுவிட்டாள். ஆள் அரவமில்லாத அந்த வீடு அவளுக்கே கசந்துபோயிருந்தது.

ஆகவே முழங்கால் போட்டுத் தெளிவாகவே கேட்டாள். "ஆண்டவரே, உமக்குச் சித்தமானா மாமாவுக்கு வேற ஒரு வார்த்தை கொடுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்."

மறுநாள் காலையில் காபியை நீட்டினாள். பெரியவர் வாயைத் திறந்தார்.

"நாசமாப்போ."

"பாத்தீங்களா, கர்த்தருக்குச் சித்தமில்ல" என்று கணவனிடம் சொன்னபோது அவள் குரலில் நிம்மதி சற்றுத் தூக்கலாகவே இருந்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். எங்கே சிக்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவன் பிழைப்பு. "நீ ஆண்டவர்கிட்ட கேட்டது வழியா, சாக்கா?" என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. அன்று இரவு மறுபடி ஜெபித்தாள், நிபந்தனை எதுவும் போடாமல். வானத்திலிருந்து குரல் ஒன்றும் வரவில்லை. முடியாது என்று சொல்லப் போனை எடுத்தபோது மட்டும் மனசு ஒப்பவில்லை. "இங்கயே வெச்சுக்கலாம் பாஸ்டர்" என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாமனாருக்கு நேரத்தோடு சாப்பாடு கொடுத்து, உள்ளறையில் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினாள். முதல் பாட்டு தொடங்கியதும் உள்ளே கட்டில் சட்டத்தில் டொக் டொக்கென்று தட்டும் சத்தம் கேட்டது.

"ஐயாவையும் கூட்டிட்டு வாங்க சிஸ்டர்" என்றார் பாஸ்டர்.

"வேண்டாம் பாஸ்டர். அவர் பேச்சு..."

"தெரியும். தண்ணி கேன் போடுறவர் நம்ம சபைதான்."

சக்கர நாற்காலி வந்தது. வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராக ஜெபிப்பது அவர்கள் வழக்கம். முதலில் பிளம்பர். ஜெபிக்க ஆரம்பித்தால் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு வருவார் என்பதால் அவருக்கு 'நீளம் அண்ணன்' என்று பெயர். அவர் இரண்டாவது கண்டத்தில் இருக்கும்போதே மாமனார் கணீரென்று சொன்னார்: "நாசமாப்போ!"

அவளுக்கு உயிரே போய்விட்டது.

"சரிங்கய்யா, முடிச்சிடுறேன்" என்றார் நீளம் அண்ணன். அறை முழுக்கச் சிரிப்பு. அதில் கேலி இல்லை என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முறை சுற்றி மாமனாரிடம் வந்தது. "அவரை விட்டுடுங்க, அடுத்து நான் ஜெபிக்கிறேன்" என்று அவள் அவசரப்பட்டாள்.

"அவர் முறை, சிஸ்டர்" என்றார் பாஸ்டர். எல்லோரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள்.

பெரியவர் தலை குனிந்தார். நல்ல கையால் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரே சொல்லைத் தணிந்த குரலில், நிறுத்தி நிறுத்தி, கெஞ்சுவதுபோலத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கன்னம் நனைந்திருந்தது.

அந்தக் குரல் அவளுக்குப் புதிதல்ல. தினமும் விடியற்காலையில் அவர் அறைக்குள்ளிருந்து கேட்பதுதான். எழுந்ததும் எழாததுமாகத் தன்னைத்தான் வைகிறார் என்று நினைத்து, இத்தனை காலமும் அவள் அந்தக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போயிருக்கிறாள்.

அவர் நிறுத்தினார். முடித்துவிட்டாரா இல்லையா என்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை. முதல் ஆமென் மருமகளிடமிருந்துதான் வந்தது.