ஸிலேயின் இரண்டு பிறந்தநாள்கள்

மாய்ப்ரிட் ஆள் உருவக் கேக்குக்கு மிட்டாயால் சட்டைப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மகள் ஸிலேக்கு எட்டு வயது. கேக் மனிதனின் கழுத்தைப் பிறந்தநாள் பிள்ளை அறுக்க, வந்திருக்கும் வாண்டுகளெல்லாம் வீடு அதிர அலற வேண்டும். அது இல்லாமல் டென்மார்க்கின் ஓடென்ஸே நகரத்தில் எந்தப் பிள்ளைக்கும் வயது ஏறாது. சந்தோஷமான வேலைதான். ஆனாலும் மாய்ப்ரிட்டுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. முன்னாள் கணவன் தோர்பென் வருவான்.

விவாகரத்தாகி மூன்று வருடம். ஸிலே ஒரு வாரம் இங்கே, மறுவாரம் அப்பாவிடம். அன்று கையால் அடித்தவன் இன்று வாயால் அடிக்கிறான். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பூங்கொத்தோடு வந்து நடுநாயகமாக உட்காருவான். சபைக்கு முன்னால் கலகலப்பாகப் பேசுவான்; அவள் பக்கம் மட்டும் குனிந்து, "இன்னும் ஊதிட்டியே, எவன் பாப்பான் உன்னை?" என்பான். படுக்கையறைக்குள் எட்டிப் பார்ப்பான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். பிரிந்தும் எவ்வளவு நட்பு என்று ஊர் மெச்சும். அந்த மெச்சலை வைத்துக்கொண்டு நாக்கா வழிக்க முடியும்?

"குழந்தைக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கோயேன். அப்பா அம்மா ஒரே மேஜையில உட்கார்ந்தாத்தானே அதுக்குச் சந்தோஷம்?" என்றாள், காப்பி குடிக்க வந்திருந்த எதிர்வீட்டு உல்லா. மாய்ப்ரிட்டைப் பெற்றவளும் இதையேதான் சொன்னாள்.

"வராதேன்னு சொன்னா, நான் ஒத்துழைக்கலைன்னு புகார் கொடுத்துப் பிள்ளையைப் பிடுங்கிடுவேங்கிறான், உல்லா."

மேஜைக்கடியில் பலூன் ஊதிக்கொண்டிருந்த ஸிலே தலையை நீட்டினாள். "அம்மா, எனக்கு ரெண்டு பிறந்தநாள் வச்சுக்கலாமா? அப்பா வீட்டுல ஒண்ணு, இங்க ஒண்ணு?"

"ஏண்டா கண்ணு, எல்லாரும் ஒண்ணா இருந்தா நல்லாயிருக்காதா?"

"அப்பா இங்க வந்தா நீ ஒரு மாதிரி சிரிக்கிறே. அதைப் பார்த்தா எனக்கு வயிறு வலிக்குது."

மாய்ப்ரிட்டுக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. யாருக்காக இத்தனையும் பொறுத்தாளோ, அந்தப் பிள்ளையே வலிக்கிறது என்கிறதே! உல்லா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

மாய்ப்ரிட் கையைக் கழுவிவிட்டுக் குடும்ப வழக்கு அதிகாரிக்குப் போன் போட்டாள்.

"அவரை உங்க வீட்டுக்குள்ள விடணும்னு எந்த உத்தரவும் இல்லையே," என்றார் அந்த அதிகாரி. "வாரம் மாறும்போது பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல கூட்டிக்கட்டும். இதுக்காகப் பிள்ளையை யாரும் பிரிக்க மாட்டாங்க. அவர் மிரட்டினா மறைக்காம எங்ககிட்ட சொல்லுங்க."

இவ்வளவுதானா! மாய்ப்ரிட் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும், வீட்டுக்கு வரவேண்டாம் என்று தோர்பெனுக்கு இரண்டே வரியில் செய்தி அனுப்பினாள். வசைகள் வந்து குவிந்தன. ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

மறுநாள், சொல்லியும் கேளாமல் பூங்கொத்தோடு வந்து நின்றான். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"உன் வாரத்துல உன் வீட்டுல கொண்டாடு, தோர்பென். திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துல கூட்டிக்கோ."

"ஓஹோ, குளிர் விட்டுப்போச்சா? பிள்ளை உன்கிட்ட எப்படி இருக்குதுன்னு பாக்கறேன்டி!"

"தாராளமா பாரு." அவள் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்று, பிறந்தநாளுக்கு வந்திருந்த உல்லா பின்னாலிருந்து கதவருகே வந்தாள். தோர்பென் அவசரமாக ஒரு புன்னகையை எடுத்து ஒட்டிக்கொண்டான். உல்லாவுக்கு அதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவன் பூங்கொத்தைத் தரையில் போட்டுவிட்டுத் தடதடவென்று படியிறங்கினான்.

மாய்ப்ரிட் கதவைச் சாத்தி அதிலேயே சாய்ந்துகொண்டாள். உள்ளே பிள்ளைகளின் கூச்சலில் அவள் மகளின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, பல்லைக் கடிக்காத சிரிப்பு.

உல்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கோம்மா. குழந்தைக்காகன்னு சொல்லி அடிச்சவன் பக்கத்துலயே உன்னை உட்கார வச்சோமே, நாங்கல்லாம் மனுஷங்களா? அம்மா பயந்து நடுங்கற வீட்டுல எந்தப் பிள்ளையும் நிம்மதியா இருக்காது. இனிமே யார் வீட்டுலயும் இந்தப் பாழாப்போன புத்திமதியை நான் சொல்லமாட்டேன். யாராவது சொன்னா, சும்மா விடவும் மாட்டேன்."