ருசி பார்த்தது கணக்கில் வராது

கேக் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆளில்லை. அப்பேர்ப்பட்டவளுக்கு, ஏழாம் மாத ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "குழந்தை மாசத்துக்கு மீறி வளருது, உங்க சர்க்கரை இன்னும் இறங்கலையே" என்றதும் மூத்த மகளைப் பெற்ற நாள்தான் நினைவுக்கு வந்தது.

காரணம் இருந்தது. மூத்தவள் பிறந்தபோது, யானைக்குட்டி மாதிரி இருக்கிறாள் என்று சொந்தபந்தமெல்லாம் பூரித்துப்போனது. பட்ட பாடு பெற்றவளுக்குத்தான் தெரியும். தலை வந்தும் தோள் சிக்கி, இடது கை நரம்பு இழுபட்டு, பச்சைப்பிள்ளை அந்தக் கையைத் தூக்கவே இல்லை. பயிற்சி கொடுத்துத் தேற்றினார்கள். ஆனாலும் இன்றைக்கும் அவள் சட்டை மாட்டும்போது அந்தக் கை காதோடு நின்றுவிடும். அப்போதும் தாய்க்குச் சர்க்கரை இருந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை.

"நான் இனிப்பைக் கண்ணால கூடப் பார்க்கிறதில்ல டாக்டர்," என்றாள். பாவம், பொய் சொல்லவில்லை. சோற்றைக் குறைத்திருந்தாள், டீயில் சர்க்கரையை விட்டிருந்தாள், மூச்சு வாங்க நடந்துகொண்டும் இருந்தாள்.

"இன்னும் ஒரு வாரம் பார்ப்போம். இறங்கலைன்னா ஊசி."

மறுநாள் பேக்கரியின் பின்னறையில் அவள் க்ரீம் அடித்துக்கொண்டிருந்தாள். கல்லாவைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார், முந்தின நாள் டாக்டரிடம் கூடவே வந்திருந்தவள், ட்ரே எடுக்க உள்ளே வந்தாள்.

"அண்ணி, வாயில என்ன?"

"க்ரீம். பதம் பார்த்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

"சாக்லேட். அதுக்கு முன்னாடி பாகு. ருசி பார்க்காம எப்படிடி வெளிய அனுப்புறது?"

"நல்லா இருக்கு! இதுதான் இனிப்பைக் கண்ணால கூடப் பார்க்காத லட்சணமா?"

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. ருசி பார்ப்பதைச் சாப்பாடு என்று அவள் நினைத்ததே இல்லை. அந்தத் தொழிலில் யாரும் நினைப்பதில்லை, அது வேலை. மாவு மூட்டையின்மேல் உட்கார்ந்து பொலபொலவென்று அழுதாள். "நானேவாடி என் பிள்ளைக்கு ஊட்டிக்கிட்டிருந்தேன்?"

நாத்தனார் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "அழுதா சர்க்கரை இறங்குமா? இனிமே கை உங்களோடது, நாக்கு என்னோடது."

அந்த நாக்கோ எதைக் கொடுத்தாலும் 'இன்னும் கொஞ்சம் இனிப்பு' என்கிற ரகம். ஆரம்பத்தில் வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். போகப்போக நாத்தனார் தேறிவிட்டாள். அண்ணிக்குச் சர்க்கரையும் இறங்கியது. முழுக்க இல்லை, ஊசியும் சேர்ந்துகொண்டது. அதற்கெல்லாம் அவள் முணுமுணுக்கவில்லை.

பிள்ளை பிறந்தது. மாமியார் எட்டிப் பார்த்து, "என்னடி இது, அக்காக்காரிக்குப் பாதிகூடத் தேறாதே!" என்று உதட்டைப் பிதுக்கினார். அவள் காதில் அது ஏறவே இல்லை. துணிக்குள் கட்டுண்டு கிடந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் துணியைப் பிரித்த நேரம், வராந்தாவில் யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள். குழந்தை திடுக்கிட்டு இரண்டு கைகளையும் ஒருசேரத் தூக்கி விரித்தது.

"பார்த்தியாடி?" என்று நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ரெண்டு கையும்டி!"