பட்டையில் அச்சான வரி

பேருந்தில் ஹேரிமுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சியோலில் ஏறியதிலிருந்து இரண்டு தரம் இடம் மாறி உட்கார்ந்தாயிற்று. மடியில் அவளுடைய கதையின் அச்சுப்படி. மனித உரிமைகளைப் பற்றி இளம் எழுத்தாளர்கள் எழுதிய கதைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் வருகிறது. அதில் முதல் கதை இவளுடையது. வருஷக்கணக்காக எழுதி எழுதிக் கிழித்துப் போட்டவளுக்கு இது சும்மா இல்லை. அம்மாகூட, "பரவாயில்லையே, உருப்பட்டுடுவே போலிருக்கே" என்று சொல்லிவிட்டாள்.

காலையில் பதிப்பாளர் பாங் மேடம் ஒரு படம் அனுப்பியிருந்தார். புத்தக அட்டையைச் சுற்றிப் போடுகிற காகிதப் பட்டை. அதில் பெரிய எழுத்தில் இவள் கதையிலிருந்து ஒரு வரி: 'தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குள் அவள் பாடிக்கொண்டே குளிக்கிறாள்.' பார்த்ததும் ஹேரிம் துள்ளிக் குதித்தாள். அடுத்த நிமிஷமே ஓடிவந்து இந்தப் பேருந்தைப் பிடித்தாள். கதையில் குளிக்கிறவள் நிஜத்தில் இருக்கிறாளே!

அவள் பெயர் கன்னிதா. கம்போடியாவிலிருந்து வந்து, பெரில்லா என்கிற கீரை வளர்க்கும் தோட்டத்தில் வேலை செய்கிறாள். ஹேரிம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குக் கொரிய மொழி சொல்லிக்கொடுக்கப் போய்ப் பழக்கமானவள். "உங்களைப் பத்தி எழுதட்டுமா அக்கா?" என்று கேட்டபோது, "எழுதுங்க டீச்சர், யார் படிக்கப்போறா!" என்று கன்னிதா சிரித்திருந்தாள். ஹேரிம் கவனமாகத்தான் எழுதினாள். பெயரை மாற்றினாள். கம்போடியாவை நேபாளமாக்கினாள். பெரில்லாவை ஸ்ட்ராபெர்ரி ஆக்கினாள். பாட்டை மட்டும் தொடவில்லை. எழுதுகிறவர்களைப் பிடித்த வியாதி இது. ஆளை மறைப்பார்கள், நல்ல வரியை மறைக்க மட்டும் மனசு வராது.

ஹேரிம் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் கன்னிதா இலைகளைப் பத்துப் பத்தாக அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். ஹேரிம் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கதையைப் படித்துக் காட்டினாள். கன்னிதாவின் கை நிற்கவே இல்லை. பாட்டு வந்த இடத்தில்தான் நின்றது.

"இதை எடுத்துடுங்க."

"அக்கா, கதைக்கு உயிரே இதுதான். உங்க பேர் இல்ல, ஊர் இல்ல. யாருக்குத் தெரியப்போகுது?"

"இந்தச் சுத்துவட்டாரத்துல தொண்டை கிழியப் பாடிக்கிட்டுக் குளிக்கிறவ வேற எவ இருக்கா? முதலாளி மக சியோல்ல காலேஜ் படிக்குது. கையில புத்தகம் இல்லாம அதுக்குச் சோறே இறங்காது."

"படிக்கட்டுமே! முதலாளிக்கு உறைக்கட்டும். தாழ்ப்பாள் போடாதது அவர் தப்புதானே?"

சொல்லும்போதே தன் குரலில் இருந்த ஆவேசம் ஹேரிமுக்குப் பிடித்திருந்தது. அதைத்தான் பிற்பாடு அவளால் மன்னிக்க முடியவில்லை.

கன்னிதா இலைக்கட்டைக் கீழே வைத்தாள். "டீச்சர், நான் சந்தோஷத்துல பாடறேன்னு அவர் நினைச்சிக்கிட்டிருக்கார். பாட்டுக் கேட்டா, உள்ள ஆள் இருக்குன்னு ஒதுங்கிப் போறார். 'தெரியாம வந்துட்டேன்'னு சொல்ல முடியாது பாருங்க. அவருக்குப் பயந்துதான் பாடறேன்னு இதைப் படிச்சுத் தெரிஞ்சுபோச்சுன்னா, அப்புறம் எனக்கு என்ன இருக்கு? அவர் கையெழுத்துப் போடாம நான் வேற தோட்டத்துக்கும் போக முடியாது. அதையும் நீங்கதானே எழுதியிருக்கீங்க!"

ஹேரிமுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எத்தனை தரம் திருத்தி எழுதினாள்! இது ஒரு தரம்கூடத் தோன்றவில்லையே.

வெளியே வந்து பாங் மேடத்தைப் போனில் கூப்பிட்டாள். நின்ற இடத்தில் நிற்க முடியாமல், கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியே பேசினாள்.

"அந்தப் பாட்டை எடுத்துடணும் மேடம்."

"விளையாடறியா? பட்டை அச்சாயிடுச்சு. நாளைக்குப் புத்தகம் மெஷின்ல ஏறுது. பாட்டு இல்லாம உன் கதையில என்னம்மா இருக்கு?"

"அப்போ கதையே வேணாம். எடுத்துடுங்க."

"எழுத்தாளராகணும்னா கொஞ்சம் கல்நெஞ்சு வேணும், ஹேரிம்."

"எனக்கு இல்ல மேடம். பட்டையைக் கிழிச்சுப் போட்டுடுங்க." போனை வைத்த பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டாள். ஆசைப்பட்டது கைக்கு வந்து போய்விட்டது. அழுகை வராமல் என்ன செய்யும்?

வேலை முடிந்து கன்னிதா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கக் கிளம்பினாள்.

"நான் கதவுகிட்ட நிக்கிறேன் அக்கா. இன்னிக்கு நீங்க பாட வேணாம்."

"பாடலைன்னா ஏன்னு கேப்பார், டீச்சர்."

கதவைச் சாத்திக்கொண்டாள். பாட்டு ஆரம்பித்தது. கதவுக்கு முதுகைக் காட்டி ஹேரிம் நின்றாள். சற்று நேரத்தில் ரப்பர் பூட்ஸ் சத்தம். முதலாளி யூக் வந்தார். இவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"டீச்சரம்மாவா! கேட்டீங்களா பாட்டை? எங்க கன்னிதா எவ்வளவு சந்தோஷமா இருக்கு பாருங்க. மத்த தோட்டத்துல எல்லாம் இப்படிப் பாடுவாங்களா?"

எழுதி வைத்த அத்தனை பக்கங்களும் ஹேரிமின் தொண்டைக்கு வந்தன. உள்ளே பாட்டு இன்னும் உரக்க எழும்பியது.

"ஆமாங்க," என்று ஹேரிம் சிரித்தாள். "ரொம்ப சந்தோஷமா இருக்காங்க."