வண்டிதான் உயரம்

விபத்துக்குப் பிறகு பிரான்சிஸின் இடது கால் குட்டையாகிவிட்டது. அவர் அப்படிச் சொல்லமாட்டார். வண்டி கொஞ்சம் உயரம் என்பார். என் மாமியாரும் அதையே சொல்வார். போகப்போக, நலம் விசாரிக்க வருகிறவர்களிடம் நானும் அதையே சொல்லப் பழகிவிட்டேன். புருஷன் கால் குட்டை என்பதைவிட வண்டி உயரம் என்று சொல்வது வாய்க்குச் சுலபமாக இருந்தது.

அந்த வண்டியை எனக்குக் கல்யாணமான புதிதிலிருந்தே பிடிக்காது. குனிந்து டேங்கின்மேல் படுத்தபடி ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் பைக். அவர் வயிறு டேங்கில் இருக்கும், பின்னால் நான் பரணில் ஏறின மாதிரி உட்கார்ந்திருப்பேன். திண்டிவனம் மார்க்கெட்டில் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கிவர இத்தனை சீற்றம் எதற்கு என்று கேட்டிருக்கிறேன். சிரிப்பார். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷன், அதில் ஏறிவிட்டால் பாட்டுப் பாடுவார். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

உரக் கம்பெனியில் ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை. பிரம்மதேசம் போய்விட்டுத் திரும்பும்போது, எதிர்த் திசையில் ஏறி வந்த, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை ஏற்றிய டிராக்டர் ஒன்று அவரைத் தூக்கிப் போட்டது. தொடையில் கம்பி வைத்தார்கள், முட்டியைத் தைத்தார்கள். வண்டி சரியாகி வீடு வந்தபோது அவர் இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். கம்பெனி உட்கார்ந்து பார்க்கிற வேலை தருவதாகச் சொல்லிப் பார்த்தது. வேண்டாம், வண்டி ஓட்ட ஆரம்பித்ததும் பழைய வேலைக்கே வருகிறேன் என்றார்.

நடக்க ஆரம்பித்ததும் ஒருநாள் ஏறிப் பார்த்தார். முன்பே அதில் நுனிக்கால்தான் ஊன்றுவார். இப்போது இடது கால் தரைக்கு எட்டாமல் தொங்கியது. வண்டி எங்கள் பக்கம் சாய்ந்தது. நானும் மாமியாரும் முட்டுக்கொடுத்து இறக்கினோம். அதோடு அவர் கட்டிலில் போய்ப் படுத்தவர்தான். மழிக்காத முகம், அழுக்குக் கைலி. கூப்பிட்டால் திரும்பிப் படுப்பார். இந்த மனுஷன் இப்படியே என் கண்முன்னால் கரைந்துபோவார் என்று நான் பயந்தேன்.

அப்போதுதான் போனில் அந்த வீடியோ வந்தது. கோலியனூர் கூட்டுரோட்டில் மாசிலாமணி என்கிற மெக்கானிக், உயரமான வண்டியை இறக்கிக் காட்டுகிறான். குட்டையான ஆள் ஒருவர் அதில் ஏறி இரண்டு காலையும் ஊன்றுகிறார். பிரான்சிஸ் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். மறுநாள் ஷேவ் பண்ணிக்கொண்டார். மாசிலாமணிக்குப் போன் போட்டார், கம்பெனி மேனேஜருக்கும் போட்டார். இட்லி இன்னும் ரெண்டு வை என்றார். நானும் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கென்ன கிறுக்கா?

குட்டி யானை லாரியில் ஏற்றி வண்டியை அனுப்பினோம். மாசிலாமணி வேலையை ஒவ்வொன்றாகப் போனில் காட்டினான். பின்சக்கரத்தைத் தாங்குகிற இரும்புப் பட்டைகளைக் கழற்றிவிட்டு நீளமானவற்றைப் போட்டால் பின்பக்கம் தாழுமாம். அதற்கேற்றாற்போல முன்பக்கக் குழாய்களையும் மேலே ஏற்றிப் பிடித்தான். சைடு ஸ்டாண்டை வெட்டிக் குட்டையாக்கிப் பற்றவைத்தான். இல்லாவிட்டால் நிறுத்தியதும் எதிர்ப்பக்கம் விழுந்துவிடும் என்றான். வேகத்தடையில் அடி உரசும், மெதுவாகப் போகணும் என்றான். பிரான்சிஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் மெதுவாகப் போவார் என்று நான் நம்பவில்லை, ஆனாலும் அதைக் கேட்க நன்றாக இருந்தது.

எடுத்துவரப் போனோம். சட்டையை இஸ்திரி போட்டு, ஹெல்மெட்டைப் பையில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். கடையில் கைப்பிடியைப் பிடித்து, வலது காலில் நின்று, இடது காலை நீட்டியபடியே அந்தப் பக்கம் போட்டார். உட்கார்ந்தார். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

"தரையிலயே நின்னுக்கினு இருக்கிற மாதிரி இருக்குடா மாசிலா" என்றார்.

எஞ்சினைப் போட்டார். வலது பாதத்தைக் கால்படியில் வைத்தார். இடது பாதத்தைத் தூக்கினார். பாதி தூரம் வந்து நின்றது. மறுபடி தூக்கினார். பேண்ட்டைக் கையால் பிடித்து இழுத்துப் பார்த்தார். பாதம் படிக்குக் கீழேயே நின்றது.

அந்த மாதிரி வண்டியில் கால்படி மேலேயும் பின்னாலேயும் இருக்கும். முட்டி முழுக்க மடங்கினால்தான் பாதம் ஏறும், கியர் போட முடியும். வண்டியை எவ்வளவு இறக்கினாலும் சீட்டுக்கும் படிக்கும் உள்ள இடைவெளி மாறாது. முட்டி மடங்காது என்பது எங்களுக்குத் தெரியாத சங்கதியா? சர்ச் பூசையில் எல்லோரும் முழந்தாளிடும்போது அவர் மட்டும் பின்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். அவருக்கு சாக்ஸ் மாட்டிவிடுவதே நான்தான். இதற்குமேல் மடங்காது என்று டாக்டரும் சொல்லியாகிவிட்டது. கால் எட்டவில்லை, கால் எட்டவில்லை என்று குடும்பமே தரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். மடக்குவதைப் பற்றி ஒருத்தருக்கும் நினைப்பு வரவில்லை.

மாசிலாமணி குனிந்து குதிகாலைப் பிடித்து மெல்லத் தள்ளிப் பார்த்தான். பிரான்சிஸ் பல்லைக் கடித்தார். படியைக் கீழே இறக்கித் தரச் சொன்னார்.

"ஒரு விரக்கடைதாண்ணே எறங்கும். உங்களுக்கு ஒரு ஜாண் வேணும். அவ்ளோ எறக்கினா திரும்பும்போது ரோட்ல மாட்டிக்கும். வண்டி ஏற்கெனவே தாழ்வா இருக்கு."

நான் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன், நீங்கள் பின்னால் உட்காருங்கள் என்றேன். அவர் பின்சீட்டின் படியைக் கைகாட்டினார். அது முன்படியைவிட மேலே இருந்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மாசிலாமணிதான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினான்.

"பழைய பட்டை அப்படியே இருக்குண்ணே. முன்ன இருந்த ஒசரத்துக்கே ஏத்திக் குடுத்துடறேன்."

"ஏத்தி? யாருக்குடா?"

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் வந்தோம். பஸ்ஸில் நடைபாதை ஓரமாக, காலை நீட்டி உட்கார்ந்தார். விக்கிரவாண்டியில் கூட்டம் ஏறியது. ஏறியவர்கள் அந்தக் காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளும்படி கண்டக்டர் தன்மையாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று வந்தது. வாயைத் திறந்தேன். பிரான்சிஸ் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"மடங்காதுங்க" என்றார். "இனிமே மடங்காது. திண்டிவனம் ரெண்டு குடுங்க."

வண்டி மேல் பழி போடாமல் அவர் இதை ஒருமுறையாவது சொல்லமாட்டாரா என்று எத்தனையோ நாள் எரிச்சல்பட்டிருக்கிறேன். சொல்லிவிட்டார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அந்தக் காலைத் தாண்டி முன்னால் போனார்.